மீன்பாடு வந்த நாளில் போகிற செய்தி

தமிழில் குறுஞ்செய்தி எழுதிப் பிழைப்பவருக்கு முதலில் ஒரு கணக்கு தெரிய வேண்டும். ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் அடித்தால் 70. ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற ஜெர்மன் பொறியாளர் 1985-இல் தோன்றிய வாக்கியங்களைத் தட்டச்சு செய்து எழுத்து எண்ணிப் பார்த்து, ஒரு சேதியைச் சொல்ல 160 தாராளம் என்று முடிவு செய்தார். அவர் எண்ணியது ரோமன் எழுத்து. நம் எழுத்து அந்தக் கட்டத்துக்குள் அடங்காது என்பதால் இடம் பாதிக்கும் கீழே போய்விட்டது. போதாததற்குக் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் கேட்கும். 'தரங்கம்பாடி' நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, செய்திக்குப் பதினொன்று. 'சேமிப்பு' நான்கு எழுத்து, எட்டு இடம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலிடத்திலிருந்து வந்த வாசகம் இது: 'அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்களது மாதாந்திர சேமிப்புத் தவணையைத் தங்கள் கணக்கில் உரிய தேதிக்குள் செலுத்தி நிதிப் பாதுகாப்பை உறுதி செய்யுங்கள்.' இரண்டாவது 'தங்கள்' முடிகிற இடத்திலேயே எழுபதும் தீர்ந்துவிடும். எழுபதைத் தாண்டினால் ஒரு துண்டுக்கு 67 இடம்தான் கொடுப்பார்கள். ஆக இந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று செய்திக் காசு. காசு போனாலும் பரவாயில்லை. குட்டியாண்டியூரில் மீன் கூடை இறக்கி வைத்துவிட்டு மடியிலிருந்து போனை எடுக்கிற பெண்ணை 'அன்பார்ந்த வாடிக்கையாளரே' என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பாரா? வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்து அழித்துவிடுவார். பலர் அழித்தார்கள்.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். வங்கிக்கு வெளியே இருக்கிற ஆட்கள் வங்கியின் சார்பில் கிராமத்தில் பணம் வாங்கலாம், கொடுக்கலாம் என்று 2006 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அப்படி ஒரு வங்கிக்கு வேலை பார்த்த அறக்கட்டளை ஒன்றில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். ஊர் பொறையார். சைக்கிளில் பத்து நிமிடத்தில் கடல், மறுபக்கம் போனால் வயல். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் கோட்டைக்கு வடக்கிலும் தெற்கிலும் சின்னங்குடி, பெருமாள்பேட்டை, சந்திரபாடி என்று கடலோரக் குப்பங்கள், மேற்கே தில்லையாடி, திருக்கடையூர், ஆக்கூர் என்று நெல் விளைகிற ஊர்கள். கணக்குத் தொடங்குவது, பணம் வாங்கி ரசீது கொடுப்பது, மறந்தவர்களுக்கு ஞாபகப்படுத்துவது. மூன்றாவது வேலைக்குத்தான் செல்போன். 'மெசேஜ் பாப்பா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வங்கிக் கணக்கு இல்லாத வீடு குறைவு. 2004 டிசம்பர் 26-க்குப் பின் நிவாரணம், வீடு, வலை, படகு எல்லாம் ஏதாவது ஒரு பாஸ்புக் வழியாக வந்தன. தரங்கம்பாடியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கட்டிக்கொடுத்த வீடுகளில் பல குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கணக்கு இருந்தது, அதில் பணம் போட்டுவைக்கும் பழக்கம் இல்லை. வந்த பணத்தை எடுக்கிற இடம் என்றுதான் வங்கியை அவர்கள் பார்த்தார்கள். 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வந்து மிச்சம் மீதி வீடுகளுக்கும் கணக்கு கிடைத்தபோதும் இதே கதைதான்.

சேமிக்கத் தெரியாத ஜனம் என்று இதற்கு அர்த்தமில்லை. தண்டல்காரரைப் பாருங்கள். ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்குவார். எந்தப் பெண்ணுக்கும் அவர் ஞாபகக் கடிதம் போட்டதில்லை. ஏலம் முடிந்து மீன் விற்றுத் திரும்பும் நேரத்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் பைக்கைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். அந்த நூறு போய்விடும். நூறு நாள் விடாமல் நூறு ரூபாய் எடுத்து வைக்கத் தெரிந்த பெண்ணுக்கு யாரும் சேமிப்பு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. முன்னால் வாங்கிவிட்டுப் பின்னால் சேமிக்கிறார், அதற்கு ஆயிரம் ரூபாய் கூலி கொடுக்கிறார், அவ்வளவுதான்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிற ஒரு கதை ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்ட் எழுதிய 'ஏழைகளும் அவர்கள் பணமும்' என்ற பொருள்படும் ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கிறது. விஜயவாடாவின் குடிசைப் பகுதிகளில் ஒரு பெண் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வாங்குவார். 220 கட்டம் போட்ட ஓர் அட்டை. கட்டத்துக்கு ஐந்து ரூபாய் என்றால் முடியும்போது 1,100 சேரும். அதில் 1,000 திருப்பிக் கொடுத்து 100-ஐத் தன் கூலியாக எடுத்துக்கொள்வார். வட்டி கொடுப்பதற்குப் பதில் வட்டி வாங்கிக்கொண்டு சேமிப்பு! அதற்கும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர் விற்றது ஒன்றே ஒன்று: தினமும் வாசலுக்கு வருவது. இதைப் படித்த பிறகு என் வேலையில் பாதி எனக்குப் புரிந்தது. மீதிப் பாதியைக் கடற்கரைதான் சொல்லிக் கொடுத்தது.

கடலோரத்தில் பணத்துக்கு ஒரு நேரம் உண்டு. ஃபைபர் படகு விடியலில் கரைக்கு வரும், ஏலம் நடக்கும், டீசல், ஐஸ், ஏலக்காரரின் கழிவு எல்லாம் போக மீதி பங்காகப் பிரியும். சில படகில் அன்றன்றே பங்கு, சிலதில் வாரக் கணக்கு. ஆண்கள் கையில் காசு வருவது காலையில். ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டு பொறையாருக்கும் மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் போகிற பெண்கள் கையில் காசு இருப்பது பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். ஆறு மணிக்கு அது இருக்காது. அரிசி, பிள்ளைக்கு டியூஷன், தண்டல், மறுநாள் ஏலத்துக்கு ஒதுக்கு. தலைமையகத்துக் கம்ப்யூட்டர் மாதத்தின் முதல் தேதி காலை பத்து மணிக்குச் செய்தி அனுப்பும். ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்கள் கண்டுபிடித்த நேரம் அது. அந்தப் பத்து மணிக்கு என் பெண்கள் மீன் கூடையோடு பேருந்தில் இருப்பார்கள், கண்டக்டரோடு லக்கேஜ் சண்டை போட்டுக்கொண்டு.

வயல் பக்கம் பணம் வேறு மாதிரி வரும். நடவு, களை எடுப்புக்குக் கூலி அன்றைக்கே கையில். நூறு நாள் வேலைக்கூலி கணக்கில் வரும். எப்போது வரும் என்று ஊராட்சிச் செயலாளருக்கே தெரியாது, வந்தால் இரண்டு மூன்று வாரத்துக்கானது சேர்ந்து வரும். நிலம் வைத்திருப்பவருக்குச் சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்டு, நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து கணக்குக்குப் பணம் ஏறும்போதுதான் வருமானம். அது தையிலோ மாசியிலோ. அந்த நேரம் பார்த்து 'சேமியுங்கள்' என்று செய்தி அனுப்பினேன் என்று வையுங்கள், திருக்கடையூர்ப் பக்கத்து விவசாயி என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவர் பணம் நேராகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும், குறுவைக்கு வைத்த நகையை மீட்க. அவரைப் பொறுத்தவரை நகை வீட்டுக்குத் திரும்புவதே அந்த வருடத்துச் சேமிப்பு. வங்கியின் கணக்கேட்டில் அது சேமிப்புப் பகுதியில் வராது, கடன் அடைப்பில் வரும். நான் அவருடைய கணக்கைத்தான் சரி என்பேன்.

ஆகவே ஒரே தாலுகாவுக்குள் இரண்டு பஞ்சாங்கம் வைத்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. நெல்லுக்கு மேட்டூர் திறக்கும் ஜூன் 12, மூடும் ஜனவரி 28. மீனுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்த தடை 2017-இல் 61 நாளாயிற்று. விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காக. அது சரியான காரணம்தான். ஆனால் கூட இரண்டு வாரம் வீட்டில் உட்கார வேண்டியவர் அதற்கான அரிசியை முன்னமே சேர்த்தாக வேண்டும். பிறகு ஐப்பசி, கார்த்திகை. புயல் சின்னம் கிளம்பினாலே மீன்வளத் துறை படகை நிறுத்தச் சொல்லிவிடும். மழைக்கால வறுமை இந்தக் கரைக்கு வருடா வருடம் தேதி சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி.

அந்தத் தேதி தெரிந்ததால்தான் அரசே ஒரு நல்ல சேமிப்புத் திட்டம் வைத்திருக்கிறது: மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஒன்பது மாதத்துக்குள் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து, மீன் குறைந்த காலத்தில் 4,500 ஆகத் திருப்பிக் கொடுப்பார்கள். மீனவ மகளிருக்கும் தனியாக ஒன்று உண்டு, அதில் அரசின் 3,000-ஐ மாநிலமே போடுகிறது. போட்டது மும்மடங்கு. எந்த வங்கியும், எந்த நகைக்கடைச் சீட்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. தடைக்கால நிவாரணம் இது தவிர. சில வருடங்கள் முன்வரை 5,000, இப்போது 8,000.

மும்மடங்கு கிடைக்கிறது என்றால் எல்லோரும் முண்டியடித்து முதல் மாதமே கட்டிவிடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். கடைசித் தேதி நெருங்கும்போது கடன் வாங்கிக் கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதி கட்டி விட்டுப்போனவர்களும் உண்டு. அவர்களுக்குத் திட்டம் தெரியும், லாபம் தெரியும், கட்டுகிற மனசும் உண்டு. பணம் கையில் இருக்கிற மதியத்தில் இது ஞாபகத்தில் இருக்காது. ஞாபகம் வருகிற ராத்திரியில் பணம் இருக்காது. குறுஞ்செய்தி செய்யக்கூடிய ஒரே உதவி இந்த இரண்டையும் ஒரே மணி நேரத்தில் சேர்த்து வைப்பது.

நான் பிற்பாடு எழுதிக்கொண்ட வாசகம்: 'அக்கா, நாளைக்கு வெள்ளி. பாடு நல்லாருந்தா நூறு ரூபா எடுத்து வைங்க.' புள்ளி, காற்புள்ளியெல்லாம் சேர்த்து 65 இடம். ஐந்து மிச்சம். இதை வியாழன் மாலை அனுப்பினால் வெள்ளி பிற்பகல் பேருந்து நிறுத்தத்தில் நான் நிற்பேன், தண்டல்காரருக்கு நாலடி தள்ளி. அவர் முறைப்பார். முறைக்கட்டும்.

'பாடு நல்லாருந்தா' என்ற நிபந்தனை இல்லாவிட்டால் இந்த வாசகம் ஒரு வாரத்துக்கு மேல் ஓடியிருக்காது. மீன் இல்லாத வாரம் வந்து நூறு ரூபாய் கேட்டால் அவமானமாகிவிடும். அடுத்த வாரம் என்னைப் பார்த்ததும் வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள். கடலை நம்பிப் பிழைக்கிறவர்களிடம் 'மாதம் தவறாமல்' என்ற சொல்லே ஆகாது. மாதம் தவறும்.

இதையெல்லாம் நாங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன் முதலானோர் பிலிப்பைன்ஸ், பெரு, பொலிவியா மூன்று நாட்டு வங்கிகளோடு சேர்ந்து ஞாபகச் செய்தியைச் சோதித்தார்கள். செய்தியோ கடிதமோ போனவர்களின் சேமிப்பு போகாதவர்களைவிடச் சுமார் 6 சதவீதம் கூடியது. எதற்காகச் சேமிக்கிறார்கள் என்று அவர்கள் சொன்ன காரணத்தையே செய்தியில் திருப்பிச் சொன்னபோது பலன் இன்னும் நன்றாக இருந்தது. முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆறு சதவீதம் என்றதும் எங்கள் கூட்டத்தில் ஒரு மேலாளர் 'அவ்வளவுதானா?' என்றார். நூறு கட்டுகிறவர் நூற்றாறு கட்டுகிறார் என்றால் கொஞ்சம்தான். சில பைசா செலவில் நடக்கிறது என்று பார்த்தால் கொஞ்சமில்லை. செல்போன் ஏழ்மையை ஒழித்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கும், இதெல்லாம் வெட்டி வேலை என்று ஒதுக்குகிறவர்களுக்கும் அந்த 6 நல்ல பதில்.

கென்யாவில் வேறு சிலர் செய்த சோதனை எனக்கு இன்னும் பிடித்தமானது. ஒரு பிரிவினருக்குத் தங்கள் பிள்ளையே எழுதியது போலச் செய்தி போயிற்று: அம்மா, நம் எதிர்காலத்துக்காக இந்த வாரம் எடுத்து வையுங்கள் என்கிற தோரணையில். இன்னொரு பிரிவினருக்கு வாரங்களின் எண் பொறித்த பொன்னிற வில்லை ஒன்று கொடுத்து, சேமித்த வாரத்தைக் கீறி அடையாளம் வைக்கச் சொன்னார்கள். வென்றது வில்லை. சாதாரணச் செய்தி போனவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேமிப்பு. கண்ணில் படுகிற இடத்தில் கிடக்கும் ஒரு பொருளுக்குப் போனில் வந்து மறையும் செய்தி ஈடாகவில்லை. இதைப் படித்ததும் நாங்கள் அச்சிட்டுக் கொடுத்தது ஓர் அட்டை, தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15 வரை வாரத்துக்கு ஒரு கட்டம். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். பணம் வாங்கும்போது நான் கட்டத்தில் கையெழுத்துப் போடுவேன். செய்தி அட்டையைப் பார்க்கச் சொல்லும், அட்டை வெற்றுக் கட்டத்தைக் காட்டும். தனியே அனுப்பிய செய்தியைவிட இந்த ஜோடி நன்றாக வேலை செய்தது என்பது என் அனுபவம்.

இனி, யாரும் கூட்டங்களில் பேசாத ஒரு விஷயம். போன் யார் கையில் இருக்கிறது?

நான் சேர்ந்த காலத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரே போன். அது வீட்டுக்காரர் சட்டைப் பையில். கடலுக்குள் கொண்டுபோவார், கரையில் மீன் என்ன விலை போகிறது என்று கேட்பதற்கு. போன் வந்த பிறகு கேரளக் கரையில் மத்தி விலை ஊருக்கு ஊர் தாறுமாறாக இருந்தது சீரானதையும், விற்காமல் கடலில் கொட்டும் மீன் இல்லாமல் போனதையும் ராபர்ட் ஜென்சன் 2007-இல் எழுதியிருக்கிறார். நல்ல விஷயம். ஆனால் மனைவி தொடங்கிய கணக்குக்கும் அந்த எண்தான் கொடுக்கப்பட்டிருக்கும். அவர் மூன்று மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தின் மொத்தத் தொகை, கடைசி வரியில் இருப்போடு சேர்த்து, அவர் கணவர் போனில் டிங் என்று விழும்.

பெண்கள் சேர்க்கிற பணம் வீட்டுக்குத் தெரியாமல் சேர்க்கிற பணம். காலங்காலமாக அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் புடவை மடிப்பிலும் இருந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் எங்கள் பகுதியில் எத்தனை ரகசியம் வெளியே வந்தது என்று கேட்காதீர்கள். மகள் சடங்குக்கு, அம்மா வீட்டுச் சாவுக்கு, தன் கர்ப்பப்பை அறுவைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. அன்று அதைக் கணவனிடம் கொடுத்து மாற்றித் தரச் சொன்னவர்களில் பலருக்குப் பணம் முழுதாகத் திரும்பவில்லை.

அதனால் 'மெசேஜ் வேண்டாம் பாப்பா' என்று பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. இணையவழித் திருட்டைத் தடுக்க எல்லாக் கணக்குக்கும் செய்தி வசதியைக் கட்டாயமாகப் பதிவுசெய்ய வைக்கும்படி 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. திருடனிடமிருந்து பணத்தைக் காப்பாற்றும் விதி. சந்திரபாடி அக்காவுக்குப் பணத்தை யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது வேறு கேள்வி.

வழியைக் கண்டுபிடித்தது பெண்கள். நான் ஒரு தடவை அடித்து விட்டுவிட வேண்டும். அந்த மிஸ்டு கால் வந்தால் நாளை வருகிறேன் என்று அர்த்தம். அவர்கள் விட்டால், பணம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள். காசு செலவில்லை, எழுத்து இல்லை, படிக்கத் தெரிய வேண்டாம், யார் போனை எடுத்துப் பார்த்தாலும் ஒரு தவறிய அழைப்பு மட்டும்தான். வீட்டுக்காரர் கேட்டால் 'குழுக்காரப் பொண்ணு' என்றால் முடிந்தது. மகளிர் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியிருந்ததால் குழு என்ற சொல்லுக்குக் கேள்வி கிடையாது. என் வாழ்நாளில் பார்த்த செல்போன் சேமிப்பு உத்திகளிலேயே சிறந்தது இதுதான். இதைப் பற்றி எந்த அறிக்கையிலும் எழுத முடியாது, ஏனென்றால் அனுப்பிய செய்தி எண்ணிக்கை பூஜ்யம்.

பிறகு போன் மலிந்தது. பெண்களுக்குத் தனி எண் வந்தது. பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த தொல்லை ஒழிந்தது. அதற்கு முன் சில காலம் பதிவு செய்த குரலை அனுப்பிப் பார்த்தோம். சென்னையிலிருந்து வந்த குரல் சுத்தமான உச்சரிப்பு. காரைக்கால் வானொலியில் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கிறது என்று ரசித்துக் கேட்டார்கள். பணம் யாரும் கட்டவில்லை. தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியைப் பேசவைத்தபோது 'யார் வூட்டுப் பொண்ணு?' என்று விசாரித்துக்கொண்டு வந்து கட்டினார்கள்.

சட்டதிட்டமும் ஏறிக்கொண்டே போயிற்று. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர் பற்றிய வதந்தி பரவியபோது, மொத்தமாகச் செய்தி அனுப்ப நாடு முழுக்கத் தடை. ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்துதான் அனுப்பலாம். நான் ஐந்து தெருவுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு மிச்சத்துக்கு நடந்தேன். 2021 மார்ச்சில் இன்னொன்று. நிறுவனங்கள் அனுப்பும் ஒவ்வொரு வாசகத்தையும் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு 8-ஆம் தேதி அமலானதும் வங்கிக் கடவு எண்கள்கூடப் போய்ச் சேராமல் நாடே திணறியது, தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு வாரம் நிறுத்தி வைத்தது. இப்போது பதிவில்லாத வாசகம் போகாது. 'பாடு நல்லாருந்தா' என்று நான் போட்ட விண்ணப்பம் ஒப்புதல் இல்லாமல் திரும்பி வந்தது; காரணம் எழுதியிருக்கவில்லை. 'வருமானம் இருப்பின்' என்று மாற்றிப் போட்டேன், கிடைத்தது. கிடைத்ததை யார் படிக்கிறார்கள்?

பதிவு முறை தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். 'உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும், இந்த இணைப்பைத் தொடவும்' என்று வருகிற செய்தியில் பணம் இழந்தவர்களை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போயிருக்கிறேன், இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மோசடிச் செய்தி பெருகப் பெருக நல்ல செய்தியையும் பெண்கள் திறப்பதில்லை. அனுப்புபவர் பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன்: ஜி என்றால் அரசு, பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி வரவு செலவு. 2025-இல் வந்த முறை. கற்றுக்கொண்டவர்கள் என் செய்தியின் கடைசி எழுத்தையும் சோதிக்கிறார்கள். சோதிக்கட்டும்.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வந்தது என் வேலையைப் புரட்டிப்போட்டது. மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, அவர்கள் பெயரிலேயே. கடலுக்கும் வயலுக்கும் பொதுவாக ஒரு தேதி முதல்தடவையாகக் கிடைத்தது: பதினைந்து. பணம் வந்துவிட்டதா என்று அந்த ஒரு நாள் மட்டும் எல்லாப் பெண்களும் செய்தியைத் திறந்து பார்க்கிறார்கள். மாதம் முழுக்க நான் அனுப்பும் எதையும்விடப் பதினைந்தாம் தேதி பிற்பகல் போகும் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். ஆரம்பத்தில் சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அந்த ஆயிரத்திலேயே கைவைத்த கூத்தும் நடந்தது; செய்தி ஆங்கிலத்தில் வந்ததால் ஆயிரம் வந்தது மட்டும் தெரிந்தது, போனது தெரியவில்லை. எழுபது இடத்துக்குள் தமிழில் சொல்லியிருக்கலாம்.

இப்போது தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இட வரம்பில்லை, பதிவு கிடையாது, குரல் பதிவே போடலாம். சின்னங்குடிக் குழுவில் ஓர் அக்கா வெள்ளிக்கிழமை தோறும் தான் கட்டிய அட்டையைப் படம் பிடித்துப் போடுகிறார், கீழே மற்றவர்கள் தங்கள் அட்டையைப் போடுகிறார்கள். சிலி நாட்டில் ஒன்றாகக் கூடிச் சேமிப்பைச் சொல்லிக்கொண்டவர்கள் அதிகம் சேர்த்ததையும், கூடாமல் செய்தியிலேயே அடுத்தவர் சேமிப்பைத் தெரிந்துகொண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு சேர்த்ததையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இங்கே அது உண்மையாகவும் இருக்கிறது, சில நேரம் சண்டையாகவும் முடிகிறது. கட்ட முடியாதவர்கள் குழுவைவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். கணவனுக்குத் தெரியக் கூடாதவர்கள் சேர்வதே இல்லை. அவர்களுக்கு இன்னும் மிஸ்டு கால்தான்.

ஜூன் 15 அதிகாலை விசைப்படகுகள் இறங்கும். தடை முடிந்த முதல் வாரங்களில் மீன்பாடு நன்றாகவே இருக்கும், கையில் காசு புரளும், மேலிடத்திலிருந்து 'இதுதானே நல்ல நேரம், அனுப்பு' என்பார்கள். நான் அனுப்ப மாட்டேன். அந்தக் காசு ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணத்துக்கும், டீசல் பாக்கிக்கும், பள்ளி திறந்து பிள்ளைகளுக்கு வாங்க வேண்டிய நோட்டுப் புத்தகத்துக்கும் போகிற காசு. மேற்கே அதே வாரம் மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்துக்கொண்டு நாற்றங்காலுக்குச் செலவு செய்துகொண்டிருப்பார்கள். ஆனி கடைசி வெள்ளிக்குப் புது அட்டை அச்சாகி வர வேண்டும். இந்த வருடம் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். அக்காமார்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி வந்துவிட்டது.